கை வீசினால் ஒளிர, கால் தட்டினால் மின்ன: நடன உடைக்கு ஒளிப்பட்டை செய்யும் முறை

கேட்கப்பட்டது சுருக்கமாக இது: கல்லூரி ஆண்டு விழாவில் ஐந்து மாணவிகள், பரதநாட்டிய அசைவுகளை வைத்து ஆறு நிமிட நடனம். கை வீசும் வேகத்துக்கு ஏற்ப மணிக்கட்டில் ஒளி கூடிக் குறைய வேண்டும். காலைத் தட்டும்போது கணுக்காலில் பளிச்சிட வேண்டும். அர்டுயினோ ஊனோவில் (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) எல்இடி எரியவைத்த அனுபவம் உண்டு, தையலும் தெரியும். என்ன வாங்குவது, எப்படி இணைப்பது, வியர்வை பட்டால் ஷாக் அடிக்குமா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஷாக் அடிக்காது. நாம் பயன்படுத்தப் போகும் லித்தியம் பாலிமர் பேட்டரி முழு சார்ஜில் 4.2 வோல்ட்தான், வியர்த்த தோலில்கூட அது உறைக்காது. பயப்பட வேண்டியது ஊக்குக்கு. பரதநாட்டிய உடையில் எத்தனை ஊக்கு குத்துவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அலுமினியத் தாள் உறை போட்ட அந்த மெத்தென்ற பேட்டரியில் ஊக்கு முனை இறங்கினால் உள்ளே ஷார்ட் ஆகி, சில நொடிகளில் புகையும் தீயும் வரும். அதனால் பேட்டரியைத் துணிப் பைக்குள் மட்டும் வைத்துத் தைக்காதீர்கள். கடினமான சிறு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு, டப்பாவைப் பட்டையில் பொருத்துங்கள். உப்பிய பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். உடம்பில் கட்டியிருக்கும்போது சார்ஜ் போடவே கூடாது.

அடுத்து அமைப்பு. இடுப்பில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, அங்கிருந்து நான்கு கைகால்களுக்கும் ஒயர் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைத் தவிர்த்துவிடுங்கள். முழங்கை, தோள், முழங்கால் ஆகியவற்றைத் தாண்டிப் போகும் ஒயர் ஒவ்வொரு அசைவிலும் இழுபடும். முழுமண்டியில் உட்கார்ந்து எழுந்தால் கால் ஒயர் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இழுபட்டுச் சுருங்கும். ஒத்திகையின் மூன்றாம் நாளில் எங்கேயாவது அறுந்திருக்கும். மாறாக, ஒவ்வொரு மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் தனித்தனி பட்டை செய்யுங்கள்: தன் பேட்டரி, தன் சென்சார், தன் விளக்கு. ஒருவருக்கு நான்கு, ஐந்து பேருக்கு இருபது. கூடவே மூன்று உபரி. ஒன்று பழுதானால் கழற்றி மாற்றிவிடலாம், நடனம் நிற்காது. பட்டைகள் ஒன்றோடொன்று பேச வேண்டிய தேவையும் இல்லை. எல்லோரும் ஒரே தாளத்துக்கு ஆடினால் ஒளியும் ஒரே தாளத்தில்தான் வரும்.

ஒரு பட்டைக்குத் தேவையானவை: அர்டுயினோ புரோ மினி ஒன்று (3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் வகை, 5 வோல்ட் வகையை வாங்கிவிடாதீர்கள்). எம்பியூ-6050 என்ற அசைவு சென்சார் பலகை ஒன்று. மீட்டருக்கு 60 விளக்கு உள்ள டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப் (ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் நிரலிலிருந்து தனித்தனியே மாற்றக்கூடிய எல்இடி நாடா), மணிக்கட்டுக்கு 10 விளக்கு, கணுக்காலுக்கு 12. விளக்குக்கு விளக்கு 16.6 மி.மீ. இடைவெளி என்பதால் 10 விளக்கு 16.6 செ.மீ. வரும், பெண்களின் மணிக்கட்டுக்குச் சற்று மேலே சுற்ற இது போதும். பாதுகாப்புச் சுற்றுள்ள 500 மி.ஆம்பியர்-மணி பேட்டரி, 503035 என்று அச்சிட்டிருந்தால் 5 மி.மீ. தடிமன், 30 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளம் என்று பொருள். இவற்றோடு 330 ஓம் மின்தடை, 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு நகர்த்து ஸ்விட்ச், ஒரு சிறு பொத்தான், பேட்டரிக்கு ஜேஎஸ்டி இணைப்பான், சிலிக்கான் உறை போட்ட 28 கேஜ் ஒயர். புரோ மினியில் யுஎஸ்பி கிடையாது; நிரல் ஏற்ற 3.3 வோல்ட் யுஎஸ்பி-சீரியல் பலகை ஒன்று எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போதும். செலவைப் பற்றிக் கவலை இல்லையென்றால் ஷியாவோ என்ஆர்எஃப்52840 சென்ஸ் என்ற பலகை வசதியானது. அசைவு சென்சாரும் பேட்டரி சார்ஜரும் 21 × 17.5 மி.மீ. அளவிலேயே அடங்கிவிடும், சால்டர் வேலை பாதியாகும். ஆனால் அதன் 5 வோல்ட் முனையில் யுஎஸ்பி செருகியிருக்கும்போதுதான் மின்சாரம் வரும். அதில் ஸ்ட்ரிப்பை இணைத்தால் மேசையில் எரியும், மேடையில் எரியாது. ஸ்ட்ரிப்பை எப்போதும் பேட்டரியிலிருந்தே நேராக எடுங்கள்.

5 வோல்ட் ஸ்ட்ரிப்பை 3.7 வோல்ட் பேட்டரியில் ஓட்டலாமா என்று கேட்பீர்கள். ஓட்டலாம், அது நமக்கு ஒரு வகையில் நல்லதும்கூட. இந்த விளக்குகள் தங்களுக்கு வரும் மின்னழுத்தத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் டேட்டா ஒயரில் வருவதை '1' என்று ஏற்கும். 5 வோல்ட் கொடுத்தால் 3.5 வோல்ட் டேட்டா தேவை. நம் பலகை தருவது 3.3. அங்கேதான் விளக்குகள் காரணமில்லாமல் நிறம் மாறித் துடிக்கும். 4.2 வோல்ட்டில் தேவை 2.94 ஆகக் குறைந்துவிடுவதால் இடையில் வேறு சிப் எதுவும் வேண்டியதில்லை. இதற்கு ஒரு விலை உண்டு. பேட்டரி இறங்க இறங்க நீல நிறம்தான் முதலில் மங்கும், ஏனென்றால் நீல எல்இடிக்கு 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். வெள்ளை வைத்திருந்தால் அது மெல்ல மஞ்சளாகும், ஐந்து பேரும் ஐந்து வெள்ளையில் நிற்பார்கள். ஆகவே சிவப்பு, காவி, பொன்மஞ்சள் ஆகிய நிறங்களிலேயே திட்டமிடுங்கள். அரக்குப் பட்டின் மேல் நீல ஒளி எப்படியும் எடுபடாது.

மின் கணக்கு: ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மி.ஆம்பியர் இழுக்கும், பத்து விளக்குக்கு 600. பொன்மஞ்சள் (சிவப்பு 255, பச்சை 100, நீலம் 0) என்றால் விளக்குக்கு ஏறக்குறைய 28, பத்துக்கு 280. உச்ச ஒளியை நிரலில் 255-க்குப் பதில் 120-க்குக் கட்டுப்படுத்தினால் 130-க்கு வந்துவிடும். இருண்ட மேடையில் அதுவே கண்ணைக் கூசும். அணைந்த விளக்கும் ஆளுக்கு ஒரு மி.ஆம்பியர் அளவுக்குக் குடித்துக்கொண்டிருக்கும். புரோ மினி, சென்சார் எல்லாம் சேர்த்து சராசரி 100-ஐத் தாண்டாது. இரண்டு மணி நேர ஒத்திகைக்கு 200 மி.ஆம்பியர்-மணி. 500 தாராளம்.

சார்ஜர் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. கடையில் கிடைக்கும் டிபி4056 சார்ஜர் பலகை 1 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டு வரும். 500 மி.ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது இரு மடங்கு அதிகம். பேட்டரி சூடேறும், சில வாரத்தில் உப்பும். பலகையில் உள்ள 1.2 கிலோஓம் மின்தடையை எடுத்துவிட்டு 5 கிலோஓம் போட்டால் 250 மி.ஆம்பியர் ஆகும், மூன்று மணி நேரத்துக்குள் நிரம்பும். பேட்டரியைப் பட்டையிலிருந்து கழற்றி, இணைப்பானை இந்த சார்ஜரில் செருகி, ஓட்டுத் தரையிலோ சிமென்ட் தரையிலோ வைத்து, ஆள் இருக்கும்போது சார்ஜ் போடுங்கள். வாங்கிய பேட்டரியின் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இணைப்பானில் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடைக்குக் கடை மாறி வரும். தலைகீழாகச் செருகினால் பலகை அங்கேயே போய்விடும்.

மின்கடத்தும் நூலில் தைத்தால் அழகாக இருக்குமே என்று சிலர் சொல்வார்கள். 2007-இல் லிலிபேட் அர்டுயினோ விற்பனைக்கு வந்தபோது பரவிய முறை அது. லியா பூக்லி வடிவமைத்த அந்தப் பலகையின் ஓரத் துளைகளில் எஃகு நூலைக் கோத்துத் தைக்கலாம். ஒன்றிரண்டு சாதாரண எல்இடிக்கு அது சரி. இங்கே சரிவராது. அந்த நூலின் மின்தடை மீட்டருக்கு 30 முதல் 50 ஓம் வரை. 30 செ.மீ. நூலில் 10 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், 130 மி.ஆம்பியர் ஓடினால் போகும்போது 1.3 வோல்ட், திரும்பும்போது 1.3 வோல்ட் விழும். விளக்குக்கு மிச்சம் ஒன்றுமில்லை. 28 கேஜ் செம்பு ஒயரில் அதே தூரத்துக்கு ஓமில் பதினைந்தில் ஒரு பங்குகூட வராது.

நூலைவிடப் பெரிய ஆபத்து உங்கள் உடையிலேயே இருக்கிறது. ஜரிகை. வெள்ளியோ செம்போ சுற்றிய ஜரிகை மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். 1990-களின் பிற்பகுதியில் எம்ஐடி மீடியா லேபில் மேகி ஆர்த், ரேமி போஸ்ட் ஆகியோர் துணியிலேயே விசைப்பலகை செய்து பார்த்தபோது, செம்புத் தகடு சுற்றிய இழை ஓடும் பட்டு ஆர்கன்சாவைத்தான் எடுத்துக்கொண்டார்கள்; இந்தியாவில் உடைக்காக நெய்யப்படும் அதே துணி. அவர்களுக்கு வசதியாக இருந்தது நமக்கு வினை. திறந்த சால்டர் முனை ஒன்று ஜரிகைக் கரையில் பட்டால் போதும், ஷார்ட். மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்துக் கரையின் இரண்டு இடங்களைத் தொட்டுப் பாருங்கள். ஒலித்தால் அது ஒயருக்குச் சமம். பிளாஸ்டிக் ஜரிகை பெரும்பாலும் ஒலிக்காது. வளையலும் சலங்கை மணியும் இதே வகைதான். எந்த உலோக முனையும் வெளியே தெரியாதபடி ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கி மூடும் குழாய்) போட்டுவிடுங்கள்.

இனி இந்த வேலையின் உயிரான பகுதி: எந்த அசைவை அளப்பது, அதை எப்படி ஒளியாக்குவது.

மணிக்கட்டில் முடுக்கமானியை (வேகம் எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்று அளக்கும் சென்சார்) பயன்படுத்தாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்யும். முடுக்கமானி புவியீர்ப்பையும் சேர்த்தே அளக்கிறது. கையை மெதுவாகத் திருப்பினாலே மூன்று அச்சிலும் எண்கள் தலைகீழாக மாறும், ஆனால் சீராக நீளும் ஒரு நல்ல கைவீச்சில் முடுக்கம் கொஞ்சம்தான். விளைவு: நளினமாக ஆடுபவருக்கு ஒளி வராது, வெட்டி வெட்டி ஆடுபவருக்கு வரும். எம்பியூ-6050-க்குள்ளேயே கைரோவும் இருக்கிறது. அது சுழல் வேகத்தை, விநாடிக்கு எத்தனை பாகை என்று அளக்கிறது. புவியீர்ப்பு அதைத் தொடாது. கைவீச்சுக்கு அதுவே சரியான அளவு.

இந்தச் சிப் மின்சாரம் வந்ததும் தூக்க நிலையில்தான் இருக்கும். அதன் 107-ஆம் ரெஜிஸ்டரில் (சிப்பின் அமைப்புகளை எழுதும் எண்ணிட்ட நினைவிடம்) 0 எழுதினால் விழிக்கும். 27-ஆம் ரெஜிஸ்டரில் 16 எழுதினால் கைரோவின் எல்லை ±1000 பாகை ஆகும். ஒரு பாகைக்கு 32.8 என்ற கணக்கில் எண் வரும். 26-இல் 3 எழுதினால் 42 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நடுக்கம் வடிகட்டப்படும். 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை மூன்று அச்சையும் படித்து, வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். இங்கே பலர் விழும் குழி: புரோ மினியில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட், 32767 வரைதான் கொள்ளும். 182-ஐ வர்க்கப்படுத்தினாலே வழிந்து குறை எண் ஆகிவிடும். அன்சைன்டு லாங்குக்கு மாற்றிய பிறகு பெருக்குங்கள். கூட்டிய பிறகு மாற்றிப் பயனில்லை.

கை அசையாதபோதும் கைரோ பூஜ்யம் காட்டாது. இந்தச் சிப்புக்கு அந்தப் பிழை ஓர் அச்சுக்கு விநாடிக்கு 20 பாகை வரை போகலாம். எனவே ஸ்விட்ச் போட்டதும் ஒரு விநாடி பட்டையை மேசையில் அசையாமல் வைத்திருந்து சராசரி எடுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் 30 பாகைக்குக் கீழே வருவதை எல்லாம் பூஜ்யம் என்று வையுங்கள். 500 பாகை வந்தால் முழு ஒளி. இடையில் நேர்விகிதம். இந்த இரண்டு எண்களும் தொடக்கத்துக்குத்தான். ஆடுபவர் கையில் கட்டி, சீரியல் பிளாட்டரில் (அர்டுயினோ மென்பொருளில் எண்களை வரைபடமாகக் காட்டும் சாளரம்) ஒரு நிமிடம் பதிவுசெய்து பார்த்து மாற்றுங்கள்.

ஒரு நுணுக்கம். முன்கை தன் அச்சில் திரும்புவது, அதாவது அலபத்ம முத்திரையிலிருந்து கடகாமுக முத்திரைக்குப் போகும்போது மணிக்கட்டைச் சுழற்றுவது, மிக வேகமானது. கை இருந்த இடத்திலேயே இருக்கும், கைரோ உச்சத்தைத் தொடும். அதற்கும் ஒளி வேண்டுமா என்று ஆட்டம் அமைப்பவரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால், சென்சாரின் எக்ஸ் அச்சு முன்கையின் நீளவாக்கில் இருக்கும்படி பொருத்தி, கணக்கில் எக்ஸை விட்டுவிடுங்கள். கைவீச்சு மட்டும் தெரியும். வேண்டுமென்றால் எக்ஸுக்கு வேறு நிறம் கொடுக்கலாம்: வீச்சுக்குப் பொன்மஞ்சள், முத்திரை மாற்றத்துக்குச் சிவப்பு. அது நன்றாகவே எடுபடும்.

கணுக்கால் வேறு கதை. அங்கே அதிர்ச்சிதான் செய்தி, அதனால் முடுக்கமானி. 28-ஆம் ரெஜிஸ்டரில் 24 எழுதி ±16 ஜி ஆக்குங்கள். ஒரு ஜி, அதாவது புவியீர்ப்பின் அளவு, 2048 என்ற எண்ணாக வரும். 2 ஜி எல்லையில் விட்டால் எல்லாத் தட்டும் உச்சத்தில் முட்டி நின்றுவிடும், மெல்லத் தட்டியதும் ஓங்கித் தட்டியதும் ஒன்றாகத் தெரியும். வடிகட்டியை 26-ஆம் ரெஜிஸ்டரில் 1 எழுதி 184 ஹெர்ட்ஸுக்குத் திறந்துவிட்டு, 2 மில்லிவிநாடிக்கு ஒருமுறை படியுங்கள். தரையில் பாதம் அறையும் அதிர்ச்சி சில மில்லிவிநாடிதான் நீடிக்கும். மணிக்கட்டில் வைத்த வடிகட்டியை இங்கேயும் வைத்தால் அதன் தலையே வெட்டுப்படும்.

காலைத் தூக்கும் வேகமே 2 ஜி வரை காட்டக்கூடும் என்பதால் அளவை மட்டும் பார்த்தால் தட்டுவதற்கு முன்பே மின்னும். அடுத்தடுத்த இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தைப் பாருங்கள். தூக்குவது மெல்ல ஏறும், அறைவது சட்டென்று ஏறும். வித்தியாசம் 1.5 ஜி, அதாவது 3072-ஐத் தாண்டினால் தட்டு என்று கொள்ளலாம். ஒரு தட்டைக் கண்டதும் அடுத்த 120 மில்லிவிநாடிக்கு எதையும் ஏற்காதீர்கள், இல்லாவிட்டால் பட்டையின் அதிர்வே இரண்டாம் தட்டாகப் பதியும். இது வேகத்துக்கு இடைஞ்சலாகுமா? முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், விநாடிக்கு ஒரு தட்டு என்றால் மூன்றாம் காலத்தில் நான்கு, இடைவெளி 250 மில்லிவிநாடி. கால் மாற்றித் தட்டும்போது ஒரு காலுக்கு இன்னும் இரட்டிப்பு. இரண்டாம் தட்டடவில் ஒரே கால் இரண்டு முறை தட்டும்போதுகூட 120 உள்ளே அடங்கும்.

குதித்துமெட்டடவில் மட்டும் கவனம். 'தை ஹத் தை ஹி'யில் குதித்து முன்பாதத்தில் இறங்குவது ஒன்று, குதிகாலை அறைவது ஒன்று. முன்பாதத்தில் இறங்கும்போது கெண்டைச் சதை அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதால் அலை மழுங்கி வரும். குதிகால் கூர்மையாக வரும். எல்லையைச் சற்று உயர்த்தினால் குதிகாலுக்கு மட்டும் மின்னும், தாழ்த்தினால் இரண்டுக்கும். நாட்டடவில் காலை நீட்டிக் குதிகாலை ஊன்றுவது மென்மையானது. அதைப் பிடிக்க எல்லையைக் குறைத்துக்கொண்டே போகாதீர்கள், பொய்த் தட்டுகள் வந்து குவியும். அந்த இடத்தில் கால் இருட்டாக இருப்பதே அழகு.

சென்சார் படிப்பதைவிட ஒளி அணையும் விதம்தான் பார்ப்பவருக்குத் தெரியும். அசைவு நின்றதும் பட்டென்று அணைந்தால் விளக்கு கெட்டுவிட்டது போலிருக்கும். மெதுவாக அணைந்தால் ஒளிக்கும் உடலுக்கும் தொடர்பே இல்லாதது போலிருக்கும். மணிக்கட்டுக்கு இப்படிச் செய்யுங்கள்: புதிய மதிப்பு இப்போதைய ஒளியைவிட அதிகமானால் வித்தியாசத்தில் 40 சதவீதத்தைக் கூட்டுங்கள், குறைவானால் 4 சதவீதத்தை மட்டும் குறையுங்கள். 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை என்ற கணக்கில், ஏறுவது 20 மில்லிவிநாடி, இறங்குவது கால் விநாடி என்ற அளவில் அமையும். கணுக்காலுக்கு, தட்டியவுடன் முழு ஒளி. அணையும் நேரம் முந்தைய தட்டிலிருந்து ஆன நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு, குறைந்தது 60, அதிகம் 250 மில்லிவிநாடி. நேரத்தை இப்படிக் காலத்தோடு கட்டிவிட்டால் மூன்றாம் காலத்தில் ஒவ்வொரு தட்டும் தனித்துத் தெரியும். நிலையான நேரம் வைத்தவர்களுக்கு அங்கே ஒளி ஒன்றோடொன்று ஒட்டி, கால் சும்மா எரிந்துகொண்டிருப்பது போலாகிவிடும்.

நடுக்கத்தைப் போக்க இருபது அளவீட்டின் சராசரி எடுக்கச் சொல்வார்கள். 10 மில்லிவிநாடிக்கு ஒன்று என்றால் அந்தச் சராசரி ஏறக்குறைய 100 மில்லிவிநாடி பின்தங்கும். நட்டுவாங்கத் தாளத்தின் ஓசையும் ஒளியும் பிரிந்து கேட்கும், பிரிந்து தெரியும். தாளம் தெரிந்த பார்வையாளருக்கு அது அபஸ்வரம் மாதிரி.

கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. 0 முதல் 1 வரையான மதிப்பை அப்படியே அனுப்பாமல் ஒருமுறை தன்னோடு தானே பெருக்கி அனுப்புங்கள். மெல்லிய அசைவுக்கும் வேகத்துக்கும் வித்தியாசம் அப்போதுதான் புலப்படும். அணையும் கடைசிக் கட்டத்தில் 3, 2, 1 என்று படிப்படியாகத் துள்ளுவது தெரிந்தால் 3-க்குக் கீழே நேராக 0 ஆக்குங்கள்.

இணைப்பு நேரானதுதான். பேட்டரி நேர்முனை, ஸ்விட்ச், அங்கிருந்து ஒரு கிளை ஸ்ட்ரிப்புக்கு, மறு கிளை புரோ மினியின் ரா (RAW) முனைக்கு. ஸ்ட்ரிப்பின் இரு மின்முனைகளுக்கும் குறுக்கே கெப்பாசிட்டர், குறி பார்த்து. புரோ மினியின் 6-ஆம் முனையிலிருந்து 330 ஓம் வழியாக ஸ்ட்ரிப்பின் டேட்டா உள்முனைக்கு. ஸ்ட்ரிப்பில் அம்புக்குறி எங்கே தொடங்குகிறதோ அந்த முனை. சென்சாருக்கு 3.3 வோல்ட், தரை (GND), ஏ4, ஏ5. இந்த ஏ4, ஏ5 துளைகள் புரோ மினியில் ஓரத்தில் இல்லாமல் சற்று உள்ளே தள்ளி இருக்கும். செருகு ஒயர்களை ஒத்திகைக்குக்கூடப் பயன்படுத்தாதீர்கள், கணுக்காலில் பத்துத் தட்டுக்குள் கழன்றுவிடும். எல்லாமே சால்டர்.

ஒயர் எங்கே அறும் என்று தெரிந்தால் பாதி பழுது தீரும். சால்டர் வைக்கும்போது ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒரு சில மில்லிமீட்டர் விறைத்துவிடும். விறைப்பும் மென்மையும் சந்திக்கும் அந்த விளிம்பில்தான் அறும். அந்த விளிம்பு மடங்காதபடி பிடித்துக்கொள்ள வேண்டும். சால்டரிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி ஒயரை நாடாவோடு நூலால் கட்டித் தைத்து, இடையில் ஒரு சிறு வளைவு விடுங்கள். முனைகளின் மேல் சிலிக்கான் பசை பூசலாம், ஆனால் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம். அது உலரும்போது அசிட்டிக் அமிலம் விட்டுச் செம்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள். ஸ்ட்ரிப் தடிமன் திசையில் மட்டுமே வளையும். பக்கவாட்டில் முறுக்கினால் செம்புத் தடம் விரியும். ஐந்து மீட்டர் சுருளில் அரை மீட்டருக்கு ஒரு ஒட்டுச் சால்டர் இருக்கும், அந்த ஒட்டு நம் துண்டுக்குள் வராமல் வெட்டுங்கள்.

வியர்வை ஷாக் தராது என்றேன், ஆனால் பலகையைத் தின்னும். உப்பு நீரும் நேர்மின்சாரமும் சேர்ந்தால் செம்பில் பச்சைக் களிம்பு பூக்கும். தோல் பக்கம் ரெக்ஸின், அதன் மேல் மின்பாகங்கள், அதற்கு மேல் 4 மி.மீ. பாலியஸ்டர் பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளை ஆர்கன்சா. பஞ்சு இல்லாவிட்டால் பத்துப் புள்ளிகளாகத் தெரியும். பஞ்சு போட்டால் ஒரே வளையமாகத் தெரியும். சால்டர் முனைகளுக்கு நிறமற்ற நகப்பூச்சு இரண்டு கோட் போதும். பட்டையை உடையோடு தைக்காமல் எலாஸ்டிக்கும் வெல்க்ரோவும் வைத்துத் தனியாகக் கட்டுங்கள்.

கட்டும் இடம் பற்றி: அரைமண்டியில் பாதம் பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் அவையோருக்குத் தெரிவது கணுக்காலின் உட்புறம். விளக்கு அங்கே இருக்கட்டும், பேட்டரிப் பெட்டி வெளிப்புறத்தில். பின்புறம் வேண்டவே வேண்டாம், முழுமண்டியில் தொடையும் கெண்டையும் அதை நசுக்கும். சலங்கைக்கு மேலே இரண்டு விரல் தள்ளிக் கட்டுங்கள். மணிகள் பெட்டியில் மோதினால் ஒவ்வொரு குலுங்கலும் தட்டாகப் பதியும். பட்டை தளர்ந்தாலும் அதே கதி. மணிக்கட்டில் வளையல் முடியும் இடத்திலிருந்து மேலே.

பழுது வந்தால் பார்க்க வேண்டியவை. முதல் விளக்கு மட்டும் பச்சையாக நின்றால் டேட்டா ஒயரோ தரை ஒயரோ விட்டிருக்கிறது. ஐந்தாம் விளக்குக்குப் பிறகு இருட்டு என்றால் ஐந்தாவதன் வெளிமுனை அல்லது ஆறாவதன் உள்முனை. ஓங்கித் தட்டியதும் எல்லாம் ஒருமுறை அணைந்து திரும்ப வந்தால் மின்னழுத்தம் சரிந்து பலகை மறுதொடக்கம் ஆகிறது. பேட்டரி இணைப்பானையும் ஸ்விட்சையும் சந்தேகியுங்கள். ஒளி எரிந்த நிலையிலேயே உறைந்து போனால் சென்சார் ஒயர் நொடிப்பொழுது விட்டு, சென்சாரோடு பேசும் வயர் (Wire) என்ற நிரல் நூலகம் பதிலுக்காகக் காத்து நிற்கிறது. அந்த நூலகத்தின் டைம்அவுட் வசதி (குறித்த நேரத்தில் பதில் வராவிட்டால் காத்திருப்பதை விடுவது) இயல்பாக அணைந்தே இருக்கும், அதை இயக்குங்கள். டைம்அவுட் ஆனதும் சென்சாரை மறுபடி விழிக்கச் செய்து எல்லைகளையும் திரும்ப எழுதுங்கள்.

பொத்தான் எதற்கென்றால், பக்கத் திரைக்குப் பின்னால் காத்திருக்கும் பெண் கூந்தலைச் சரிசெய்தாலும் ஒளி அடிக்கும். ஒரு விநாடி அழுத்தினால் உறக்கம், மீண்டும் அழுத்தினால் விழிப்பு என்று வையுங்கள். மேடை விளக்காளரிடம் முன்விளக்கை நன்றாகக் குறைக்கச் சொல்லி, முழு உடையில் ஒருமுறையாவது பாருங்கள். முழு வெளிச்சத்தில் உங்கள் பட்டை இருப்பதே தெரியாது. இந்த விளக்குகளில் பழைய வகை விநாடிக்குச் சுமார் 400 முறைதான் துடிக்கும் என்பதால் செல்பேசி வீடியோவில் கோடு கோடாக விழலாம். வீடியோ எடுப்பவரிடம் ஷட்டரை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு வைக்கச் சொல்லுங்கள்.